பழைய பயிற்சியாளரை மீண்டும் அழைக்கலாமா?

கேள்வி: சென்னிமலைக்கு அருகே உள்ள எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் குழுவின் பொருளாளர் நான். எங்களுக்குக் கோப்பைகள் வாங்கித் தந்த பயிற்சியாளர், அணித் தேர்வில் நிர்வாகிகள் தலையிட்டதால் 2009-இல் விலகினார். வெளியூரில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஊர் திரும்பியிருக்கிறார். ‘அவரையே கூப்பிடலாமுங்க’ என்று ரசிகர்களில் ஒரு சாராரும், ‘அவர் காலம் முடிஞ்சுதுங்க’ என்று மறு சாராரும் பேக்கரி வாசலில் தினமும் மோதிக்கொள்கிறார்கள். இப்போதைய பயிற்சியாளர் அவருடைய மாணவர்தான். பெருந்துறை சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து மாலையில் வருகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் பயிற்சியாளர் தோற்றுப் போய் விலகியவர் அல்லர், தேர்வில் கை வைத்ததால் விலகியவர். அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் அவரை அழைத்தால், அடுத்த தீபாவளிக்குள் அதே காரணத்துக்காக அவர் மறுபடியும் போய்விடுவார். ஆகவே, பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியலைப் பயிற்சியாளர் மட்டுமே முடிவு செய்வார் என்று தீர்மானப் புத்தகத்தில் முதலில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். யார் பயிற்சியாளராக இருந்தாலும் இது தேவை.

அவர் வந்தால் கோப்பையும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யில் நடந்ததைச் சொல்லுங்கள். மயாமி ஹீட் அணியின் பழைய பயிற்சியாளர் பேட் ரைலி 2005 டிசம்பரில் அந்தப் பொறுப்புக்குத் திரும்பி, 2006-இல் அணிக்கு முதல் பட்டத்தை வென்று கொடுத்தார். அதே ரைலியின் கீழ் 2007–08 பருவத்தில், நட்சத்திர வீரர் டுவைன் வேட் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட, இன்னொரு நட்சத்திரமான ஷக்கீல் ஓ’நீலும் பாதியில் வேறு அணிக்குப் போக, அந்த அணி 82 ஆட்டங்களில் 15-இல் மட்டுமே வென்றது. அதே தொடரின் லேக்கர்ஸ் அணிக்கு 2005-இல் திரும்பிய அதன் பழைய பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனும் 2006, 2007 இரண்டு ஆண்டுகளும் பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2008 பிப்ரவரியில் பாவ் கசோல் என்ற வீரர் அணிக்கு வந்த பிறகுதான் 2009, 2010 பட்டங்கள் கிடைத்தன. உங்கள் ஊரில் அன்று கோப்பை வாங்கிய பையன்கள் இன்று நாற்பதை நெருங்கியிருப்பார்கள். அவர்களையுமா திரும்ப அழைக்கப் போகிறீர்கள்?

காலம் முடிந்துவிட்டது என்பவர்களின் வாதம் எனக்கு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. வெளியே நின்று எறிந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு, சர்வதேச விதிகளில் 2010-இல் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போனது உண்மைதான்; ஆட்டமும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிறையவே நகர்ந்துவிட்டது. கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை ஆட்டங்களைப் பார்க்கப் பஸ் ஏறுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓய்வு பெறும் வரை பள்ளிப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தூரத்திலிருந்து எறியும் பையனை அவர் திட்டுவாரா, தட்டிக் கொடுப்பாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இப்போதைய பயிற்சியாளரான அந்த இளைஞரின் நிலைதான். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து, மறுபடியும் விசிலை எடுக்கும் ஒருவருக்கு மேலே அவருடைய ஆசிரியரையே உட்கார வைத்தால், அவரால் மறுக்கவும் முடியாது, முன்போல முழு மனதோடு வேலை செய்யவும் முடியாது. டைம்-அவுட்டில் ஐந்து பையன்களும் யார் முகத்தைப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். பெரியவருக்கு விருப்பமிருந்தால், காலையில் வரும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, சீனியர் அணியை இளைஞரிடமே விடுங்கள். ரசிகர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. அவர்களில் யாரும் மாலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்து பந்து பொறுக்கிப் போடப் போவதில்லை.

இன்னொன்று. ஊரே என்ன நினைக்கிறது என்று இத்தனை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரியவருக்கு என்ன விருப்பம் என்று யாராவது கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. போட்டித் தொடக்க விழாவில் பொன்னாடை போர்த்தி மைக்கில் கேட்டுவிடாதீர்கள், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த இளைஞரை மட்டும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் அவர்கள் இருவரும் சற்று நேரம் பேசிக்கொள்ளட்டும்.