வாசகர் கேள்வி – பதில்: ஓய்வுக்கு நேரம் எங்கே?

கேள்வி: பகலெல்லாம் பீடி சுற்றி, வீட்டு வேலையும் முடித்துப் படுத்தாலும் மனம் அடங்கவில்லை. ஓய்வுக்கு நேரம் எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: சகோதரி, வேலை முடிந்து மிஞ்சும் நேரத்தில் ஓய்வெடுக்கலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. மடியில் சுளகை வைத்துக் குனிந்தே இருப்பதால் கழுத்தும் தோளும் இறுகுகின்றன. அந்த இறுக்கம் இரவிலும் தளராதபோது மனமும் அடங்க மறுக்கிறது. ஆகவே இடையிடையே சுளகை இறக்கிவைத்துவிட்டு, புகையிலைத் தூசி இல்லாத முற்றத்திற்கு வந்து, கைகளை 5 நொடி இறுக மூடி மெல்ல விரியுங்கள். தோள்களையும் அவ்வாறே உயர்த்தித் தளர்த்துங்கள். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியின் எளிய வடிவம் இது. மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டால் இதயத்துடிப்பும் தணியும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணை அழையுங்கள், தயக்கம் வேண்டாம்.