காம்போ விற்கிறது, காசு நிற்கவில்லை!

கேள்வி: வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறேன். இட்லிப் பொடி 200 கிராம் 110 ரூபாய் (அடக்கம் 60), நல்லெண்ணெய் 200 மி.லி. 90 ரூபாய் (அடக்கம் 68). இரண்டையும் 12 ரூபாய் அட்டைப்பெட்டியில் போட்டு 160-க்குக் காம்போவாகக் கொடுத்தேன். விற்பனை கூடியது, கையில் நிற்கும் காசு குறைந்துவிட்டது. பருப்புப் பொடியும் (விலை 100, அடக்கம் 50) உண்டு. எங்கே தவறு?
– வாசகி, ஈரோடு

பதில்: தள்ளுபடியை விலையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அது லாபத்திலிருந்துதான் போகும். தனித்தனியாக விற்றால் பொடியில் 50, எண்ணெயில் 22, ஆக 72 ரூபாய் நிற்கும். தள்ளுபடி 40, பெட்டி 12 போனால் மிச்சம் 20. பொடி மட்டும் வாங்கிப்போகிறவரிடம் கிடைக்கும் 50 கூட இதில் இல்லை. பொடி மட்டும் வாங்கியவர் காம்போவுக்கு மாறினால், ஒவ்வொரு காம்போவிலும் உங்களுக்கு 30 ரூபாய் குறைகிறது.

பழைய பில் புத்தகத்தை எடுங்கள். இட்லிப் பொடி போன கடைசி 100 பில்லில் எத்தனையில் எண்ணெயும் இருக்கிறது என்று எண்ணுங்கள். 40 என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் தள்ளுபடி இல்லாமலே இரண்டையும் வாங்குகிறவர்கள். அவர்களுக்குக் குறைப்பதெல்லாம் தண்டம். குறி மற்ற 60 பேர்தான்.

பெட்டிக்குப் பதில் 3 ரூபாய்க் காகிதப் பட்டை சுற்றி, 5 ரூபாய் மட்டும் குறைத்து 195-க்குக் கொடுத்தால், புதிதாக எண்ணெயும் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் (எண்ணெய் லாபம் 22-ல் தள்ளுபடி 5, பட்டை 3 போக) 14 ரூபாய் கூடும். பழைய 40 பேரிடம் தலைக்கு 8 வீதம் 320 போகும். அதை ஈடுகட்டவே 60-ல் 23 பேர் மாற வேண்டும். 15 ரூபாய் குறைத்தால்? மாறுகிறவரிடம் கூடுவது 4 ரூபாய், பழையவர்களிடம் போவது 720. 180 பேர் மாற வேண்டும். இருப்பதோ 60 பேர்! எண்ணெயில் லாபம் மெலிவு, அது தள்ளுபடியைத் தாங்காது. எண்ணெயைப் பொடிக்குப் பக்கத்திலேயே முழு விலையில் அடுக்கி வையுங்கள், போதும்.

தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பருப்புப் பொடியில் கொடுங்கள். ஒன்று டிபனுக்கு, ஒன்று சோற்றுக்கு. ஒன்றின் விற்பனையை ஒன்று தின்னாது. இரண்டும் சேர்த்து 195, பட்டை 3 என்றால் மாறுகிறவரிடம் 32 ரூபாய் கூடும். 100-ல் 20 பேர் ஏற்கெனவே இரண்டும் வாங்குகிறார்கள் என்றாலும் 12 பேர் மாறினால் கட்டிவிடும். ஆனால் முதல் மாத விற்பனையைப் பார்த்துப் பூரிக்காதீர்கள். இரண்டு பொடி வாங்கியவர் அடுத்த மாதம் வராமல் போகலாம். மூன்று மாதக் கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

போகாத சரக்கைக் காம்போவில் தள்ளுவது பலர் செய்யும் தப்பு. தேதி நெருங்கிய ஒரு பாக்கெட், நன்றாகப் போகும் பொடியின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கும். முன்கூட்டியே நூறு காம்போ கட்டி வைக்கவும் வேண்டாம். தனிப்பொடி கேட்டு வருகிறவருக்குக் கட்டைப் பிரிக்க வேண்டிவரும். கூரியரில் அனுப்பினால் எண்ணெய் பாட்டிலின் மூடிக்கு உள்ளே சீல் இருக்கட்டும், தனி பிளாஸ்டிக் உறையும் போடுங்கள். கசிந்தால் பொடியின் லேபிள்தான் முதலில் போகும்.

மூடிய பெட்டி என்றால் உள்ளே இருப்பவற்றின் பெயர், ஒவ்வொன்றின் அளவு, மொத்த எம்.ஆர்.பி., தயாரித்த அல்லது பேக் செய்த தேதி, உங்கள் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எல்லாம் பெட்டியின் வெளியிலும் வேண்டும். பட்டை சுற்றினால் உள் லேபிள்கள் வெளியே தெரியும். எதையும் மறைக்காமல் சுற்றுங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை. 5 சதவீதப் பொருளோடு 18 சதவீதப் பொருளையும் சேர்த்துப் பரிசுப் பெட்டி போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: போடலாம். ஆனால் இயல்பாகச் சேர்ந்து வராத பொருள்களை ஒரே விலைக்குக் கொடுத்தால் சட்டப்படி அது கலப்பு வழங்கல். இருப்பதில் உயர்ந்த விகிதம் முழுப் பெட்டிக்கும் விழும். 500 ரூபாய்க்கு 5 சதவீதப் பொருள், 100 ரூபாய்க்கு 18 சதவீதப் பொருள் என்றால் தனித்தனியாக வரி 43 ரூபாய். ஒரே விலையில் 600-க்கும் 18 சதவீதம், அதாவது 108. எதையும் தனியாக வாங்க வழிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைத்து, பில்லிலும் தனித்தனியாகவே எழுதுங்கள். தள்ளுபடியையும் பொருள்வாரியாகக் காட்டுங்கள். பெட்டியை அச்சடிக்கக் கொடுக்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு மாதிரி பில்லைக் காட்டிவிடுங்கள்.