பணம் கட்டித் திரும்பினால் லாகின் போய்விடுகிறது

கேள்வி: எங்கள் இணையப் புடவைக் கடையில் பணம் செலுத்திவிட்டுத் திரும்பும் வாடிக்கையாளர் சிலருக்கு லாகின் போய்விடுகிறது. குக்கீயின் 'சேம்சைட்' அமைப்பை (பிற தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று தீர்மானிப்பது) 'நன்' (None, அதாவது எப்போதும் போகலாம்) என்று மாற்றினால் போதும், தகவலை மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எல் இருப்பதால் ஆபத்தில்லை என்கிறார் தளத்தை அமைத்தவர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் குக்கீயை, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து கிளம்பினாலும் தானாகச் சேர்த்து அனுப்புவதே பிரவுசர்களின் பழைய வழக்கம். அதனால்தான் வேறொரு தளத்தில் ஒளித்துவைத்த படிவம் ஒன்று, உங்கள் வாடிக்கையாளர் அறியாமலேயே அவர் பெயரில் டெலிவரி முகவரியை மாற்றிவிட முடிந்தது. ஒரு தளம் இன்னொன்றின் பதிலைப் படிக்கக்கூடாது என்ற விதி இதற்கு உதவாது, ஏனெனில் முகவரி மாறிய பிறகு பதிலைப் படித்து அந்தப் படிவத்தை ஒளித்துவைத்தவனுக்கு என்ன ஆகவேண்டும்? சேம்சைட்டின் இன்னொரு மதிப்பான 'லாக்ஸ்' (Lax) அமைப்புதான் பிற தளப் படிவங்கள் வழியே வரும் போஸ்ட் (படிவத் தகவலை அனுப்பும் முறை) கோரிக்கையோடு குக்கீ செல்லாமல் தடுக்கிறது. எஸ்எஸ்எல் தகவல் செல்லும் வழியை மட்டுமே காக்கும். போலிக் கோரிக்கையும் அதே பூட்டுக்குறியோடுதான் வரும். இதைத் தெரிந்தும் எஸ்எஸ்எல்லையே 'செக்யூரிட்டி பேக்கேஜ்' என்று சொல்லி ஆண்டுதோறும் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பேமென்ட் கேட்வே (பணத்தை வாங்கிக்கொடுக்கும் இடைத்தளம்) வாடிக்கையாளரைப் போஸ்ட் முறையில் திருப்பி அனுப்புகிறது என்று ஊகிக்கிறேன். பிற தளத்திலிருந்து வரும் போஸ்ட் என்பதால் குக்கீ வராமல் போக, அவரைப் புதியவர் என்று கருதும் தளம், புதுக் குக்கீ ஒன்றைக் கொடுத்துப் பழையதை அழித்துவிடுகிறது.

சிலருக்கு மட்டும் ஏன்? சேம்சைட் எதுவும் குறிப்பிடாத குக்கீயை 2020 முதல் லாக்ஸாகவே கொள்ளும் குரோம், அது பிறந்து 2 நிமிடம் ஆகாதிருந்தால் இத்தகைய போஸ்டோடும் அனுப்பிவிடுகிறது. லாகின் செய்த கையோடு பணம் கட்டிச் சோதிக்கும் உங்கள் ஆளுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பத்து நிமிடம் புடவை பார்த்துவிட்டுப் பணம் கட்டுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். தற்காலிகம் என்று சொல்லி நுழைக்கும் இத்தகைய சலுகைகளை யார்தான் நேரத்தோடு எடுக்கிறார்கள்!

லாக்ஸ் என்று வெளிப்படையாகவே எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் எல்லாப் பிரவுசர்களும் தாமாக அப்படிக் கொள்வதில்லை. திரும்பும் பக்கம் லாகினை நம்பாமல், புதுக் குக்கீ எதுவும் கொடுக்காமல், தகவல் கேட்வேயிடமிருந்தே வந்தது என்று காட்டும் அதன் மின்னணுக் கையொப்பத்தையும் ஆர்டர் எண்ணையும் தொகையையும் சரிபார்த்து, ரசீதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடட்டும். போஸ்ட் அல்லாத அந்தச் சாதாரணத் திருப்பலில் லாக்ஸ் குக்கீ வந்துவிடும். படிவம் உங்கள் தளத்தினுடையதே என்று காட்ட அதில் வைக்கும் ரகசியக் குறியான சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் சோதனைக்கு இந்த ஒரு பக்கத்தில் மட்டும் விலக்கு கொடுக்கலாம். தளம் முழுவதற்கும் அந்தச் சோதனையை அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று தளத்தை அமைத்தவர் பில் கொடுத்தால், பணம் தராதீர்கள்.