ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு சமூக ஊடகம் பார்ப்பது எப்படி: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, கொழும்பில் மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில் வேலை செய்துவிட்டு ரொறன்ரோ வந்திருக்கிறீர்கள். ஸ்காபரோவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் உறவினர் தன் கடையின் முகநூல், இன்ஸ்ரகிராம் எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்படைக்கப் போகிறார். எங்கே தொடங்குவது, இதை வைத்து இந்தத் துறையில் வேலைக்குப் போகலாமா என்பது உங்கள் கேள்வி. போகலாம். ஆனால் அங்கே பழகின வரிசை இங்கே சரிவராது.

முதல் மாதம் ரீல்ஸை விட்டுவிடுங்கள். பசித்தவன் இங்கே கூகிள் வரைபடத்தில்தான் கடை தேடுகிறான், அதனால் கூகிள் வணிகப் பக்கத்தைச் சரிசெய்வதே முதல் வேலை. பெயரைப் பெயர்ப்பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். பெயரோடு "சிறந்த தமிழ் கேற்றரிங்" என்று ஒட்டினால் பக்கத்தையே இடைநிறுத்திவிடுவார்கள், மீட்பதற்கு வாரக்கணக்கில் அலைய வேண்டும். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில், 30 விநாடிக்குக் குறையாமல் எடுங்கள். தெருப்பெயர் அல்லது பக்கத்துக் கடைகள், பிறகு பெயர்ப்பலகை, உள்ளே சமையலறை, கடைசியாகக் கடை உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி: சாவி போட்டுக் கதவைத் திறப்பது, கல்லாவை இயக்குவது. ஒரே பிளாசாவில் இருபது கடை இருக்கும் இடத்தில் யூனிட் இலக்கம் விட்டுப்போனாலும், பலகையில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் இன்னொரு பெயரும் இருந்தாலும் நிராகரிப்பு வரும்.

விடுமுறை நாள் நேரத்தைத் தனியாகப் பதிய வேண்டும். பூட்டின கதவுக்கு முன்னால் நின்றவர் அங்கேயே நின்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவார். நட்சத்திரத்துக்கு இலவச வடை கொடுப்பது கூகிள் விதிக்கு முரண். சொந்தக்காரர்களை வைத்துப் பொய் மதிப்பீடு எழுதுவிப்பதைக் கனடாவின் போட்டிச் சட்டம் ஏமாற்று விளம்பரமாகப் பார்க்கும். நகரசபையின் டைன்சேஃப் என்ற உணவகச் சுகாதாரப் பரிசோதனை முடிவு எல்லாரும் இணையத்தில் பார்க்கக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். நிபந்தனையோடு தேர்ச்சி என்ற மஞ்சள் அட்டை விழுந்த அன்றைக்கு பிரியாணிப் படம் போடக்கூடாது. திருத்த வேண்டியதைத் திருத்தி, மறுபரிசோதனையில் பச்சை வந்த பிறகு படம் போடுங்கள், அதுவரை கேட்பவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

அடுத்தது கணக்குகள் யாருடையவை என்பது. கடையின் முகநூல் பக்கம் எப்போதோ உதவி செய்த மருமகனின் சொந்தக் கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பது நம்மவர் கடைகளில் வழமை. அந்தக் கணக்கு முடங்கினால் பக்கமும் போகும். முகநூலையும் இன்ஸ்ரகிராமையும் நடத்தும் மெட்டாவின் வணிகக் கணக்கொன்றை முதலாளியின் பெயரிலேயே திறந்து, பக்கம், இன்ஸ்ரகிராம், விளம்பரக் கணக்கு மூன்றையும் அதற்குள் கொண்டுவாருங்கள். முழு அதிகாரம் குறைந்தது இரண்டு பேருக்கு இருக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், உங்களுக்கு வேண்டிய அனுமதியை மட்டும் எடுங்கள். கூகிளிலும் அப்படித்தான்: உரிமையாளர் அவர், நீங்கள் மேலாளர்.

ஊரில் பழகி வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் வட்ஸ்அப். கடைக்குப் போன் எடுத்தவர்களின் இலக்கம் எல்லாவற்றையும் ஒரு குழுவில் போட்டு "இன்று ஆட்டிறைச்சிக் கொத்து" என்று அனுப்புவது இங்கே சட்டப் பிரச்சினை. 2014 யூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் கனடாவின் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் மின்னஞ்சலை மட்டுமல்ல, குறுஞ்செய்தியையும் உடனடிச் செய்திகளையும் கட்டுப்படுத்துகிறது. வணிகச் செய்தி அனுப்ப அந்த ஆளின் அனுமதி வேண்டும். சாமான் வாங்கியவரிடம் அனுமதி இருப்பதாகக் கொள்ளலாம், ஆனால் கடைசியாக வாங்கியதிலிருந்து 2 வருடத்துக்கு மட்டும். விலை விசாரித்துவிட்டுப் போனவர் என்றால் 6 மாதம். வாயாலோ எழுத்தாலோ தெளிவாகச் சம்மதித்தவருக்கு, அவர் விலகும் வரை அனுப்பலாம். செய்தியில் கடையின் பெயர், தபால் முகவரி, தொடர்பு வழி, விலகும் வழி நான்கும் இருக்க வேண்டும். விலகக் கேட்டவரை 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். நிறுவனத்துக்கு அதிகபட்ச அபராதம் 1 கோடி டொலர். சாப்பாட்டுக்கடை மேல் அவ்வளவு போடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை, ஆனால் சம்மதம் இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு அனுப்பியவருடையது. ஒரே ஊர், ஒரே கோயில் என்பதெல்லாம் சட்டத்தின் முன் அனுமதி ஆகாது.

செய்முறை சுலபம். கல்லாவில் ஒரு கியூஆர் அட்டை வையுங்கள். என்ன செய்தி, எத்தனை முறை வரும் என்று அதில் எழுதுங்கள். சேர்ந்தவரின் பெயர், திகதி, எப்படிச் சேர்ந்தார் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். குழுவுக்குப் பதிலாக ஒளிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தினால் ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் கடை இலக்கத்தைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், ஆகவே அட்டையில் அதையும் சொல்லுங்கள்.

இனி ஊடகம். பெரிய தளங்கள் செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்னும் கனடாவின் இணையச் செய்திச் சட்டம் 2023 யூனில் நிறைவேறியது. அதற்கு எதிர்வினையாக மெட்டா அந்த ஓகஸ்ட் முதல் கனடாவில் இருப்பவர்களுக்கு முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளையும் இணைப்புகளையும் மறைத்துவிட்டது. வெளிநாட்டுச் செய்தித் தளங்களும் இதில் அடக்கம். கடையைப் பற்றி ரொறன்ரோ ஸ்ரார் எழுதினாலும் அந்த இணைப்பை உங்கள் முகநூல் பக்கத்தில் பகிர முடியாது. கட்டுரையை முழுதாகப் படம்பிடித்துப் போடுவது பதிப்புரிமையில் மாட்டும். கடையின் இணையத்தளத்தில் "எங்களைப் பற்றி எழுதியவை" என்று ஒரு பக்கம் வைத்து, அங்கே ஒரு வரியும் இணைப்பும் கொடுங்கள். வட்ஸ்அப், லிங்க்ட்இன், யூரியூப் மூன்றிலும் இந்தத் தடை இல்லை. கூடவே, மெட்ரோலாண்ட் நிறுவனம் 2023 செப்ரெம்பரில் தன் உள்ளூர் வாரப் பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது, ஸ்காபரோ மிரரும் அதில் ஒன்று. வீட்டு வாசலில் விழுந்த பத்திரிகை போய்விட்டதால், நமது வியாபாரங்களுக்குத் தமிழ் வானொலியும் தமிழ் வாரப் பத்திரிகைகளும் முன்னிலும் முக்கியம். அவர்களிடம் ஒன்றை முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்: இது செய்தியா, காசு கட்டிய விளம்பரமா?

ஆங்கில ஊடகத்துக்கு அனுப்பும் அறிக்கை 300, 400 சொல்லுக்குள் நிற்கட்டும். கனேடியன் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் எழுத்துநடையைப் பின்பற்றுங்கள், அறிக்கை முடிந்தது என்று காட்ட முடிவில் -30- போடும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு. பிடிஎஃப் இணைக்காமல் மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டி, படங்களுக்கு இணைப்பு கொடுத்து, செவ்வாய் முதல் வியாழன் வரை காலையில் அனுப்புங்கள். "புதுக்கடை திறந்தோம்" என்பதில் செய்தி இல்லை. பொங்கலுக்கு முந்திய வாரம், மண்பானையில் பொங்குவதைப் படம்பிடிக்க வரலாம் என்று நேரமும் இடமும் சொல்லி அழைத்தால் தொலைக்காட்சிக்காரர் வர வாய்ப்பு உண்டு. ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள் என்பதால் செய்தியாளருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

நாட்காட்டி என்றதும் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. விக்ரோரியா தின நீள்வார இறுதிக்கு எல்லாக் கடைகளும் விலைக்கழிவு விளம்பரம் போடும். அந்தத் திங்கள் மே 18க்கும் 24க்கும் இடையில் எங்கேயும் விழும், 2026 இல் அது சரியாக மே 18. ஒரு மாதம் முன்பே நேரம் குறித்து வைத்த "கொண்டாடுவோம்" பதிவு முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் தானாக ஏறினால், எத்தனை மன்னிப்புப் பதிவு போட்டாலும் அது ஆறாது. மாவீரர் நாளான நவம்பர் 27உம் அப்படித்தான், கறுப்பு வெள்ளி விற்பனைப் பதிவுகள் ஓடும் அதே வாரத்தில் வரும். மே 12 முதல் 18 வரையும், நவம்பர் 25 முதல் 27 வரையும் தானியங்கிப் பதிவுகளை நிறுத்தி வைப்பது என் வழக்கம். முதலாளிக்கு அரசியல் பேச விருப்பமில்லாவிட்டாலும் இது பொருந்தும்.

பணம் கட்டும் விளம்பரத்தில் மொழியாகத் "தமிழ்" என்று தெரிவு செய்யாதீர்கள். நம்மவர்களில் கனபேர் முகநூலை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள், பார்வையாளர் தொகை விழுந்துவிடும். கடையைச் சுற்றிச் சில கிலோமீற்றர் வட்டம், தமிழும் ஆங்கிலமும் கலந்த வாசகம், நாளுக்கு 10 டொலர் வீதம் ஒரு வாரம் போட்டுப் பார்த்தால் போதும். கேற்றரிங் என்றால் மார்க்கம், ஏஜக்ஸ் வரை வட்டத்தை நீட்டலாம். வணிகக் கணக்கில் சினிமாப் பாட்டுப் போட்டால் ஒலியை அடைத்துவிடுவார்கள். மெட்டாவின் இலவச ஒலித்தொகுப்பில் பாட்டில்லா இசை இருக்கிறது, அடுப்புச் சத்தமே அதைவிட நன்றாக இருக்கும். இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு வீடியோ போடும் யூரியூப்காரர் அதை வீடியோவின் தொடக்கத்திலேயே, வீடியோ பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும். கீழே விவரணையில் ஒளித்து வைப்பது போதாது. சொல்லாவிட்டால் கடைக்கும் பொறுப்பு உண்டு.

வேலை தேடுவதற்கு: கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் உங்கள் துறையின் இலக்கம் 11202, அரசின் வேலை வங்கித் தளத்தில் அதைப் போட்டுத் தேடுங்கள். சுயவிபரத்தில் படம், வயது, திருமண நிலை வேண்டாம். 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒன்ராறியோ நிறுவனங்கள் 2026 ஜனவரி 1 முதல் பொது விளம்பரத்தில் "கனடிய அனுபவம்" கேட்கக்கூடாது, சம்பள வரம்பையும் போட வேண்டும். நேர்முகத்தில் கேட்பது உங்கள் வேலையின் விளைவைத்தான். அதனால் உறவினர் கடையில் முதல் நாளே எண்களைக் குறித்து வையுங்கள்: கூகிளில் மாதம் எத்தனை அழைப்பு, எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை மதிப்பீடு. மூன்று மாதம் கழித்து அதே எண்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், அதுதான் கனடாவில் உங்களின் முதல் வேலைச் சான்று.

சொந்தக்காரர் என்றாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு எத்தனை பதிவு, மதிப்பீடுகளுக்கும் குறைகளுக்கும் யார் பதில் எழுதுவது, விளம்பரக் காசு யாருடைய அட்டையில் போகும், எண்களை உங்கள் சுயவிபரத்தில் காட்டலாமா, நீங்கள் வேறு வேலைக்குப் போனால் எத்தனை நாளில் கையளிப்பது. விளம்பரக் காசை உங்கள் கடனட்டையில் போட வேண்டாம்.