கைதட்டத் தெரியாத சபை

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையில் ஆடும் ஒரு ரோல்பிளே விளையாட்டு உருவாக்கியிருக்கிறோம். வேற்றுக்கிரகத்தார் வன்னியிலிருந்து ஒரு கூத்துக் குழுவைப் பிடித்துக்கொண்டு போய், கம்பிவேலிக்குள் வைத்து, கிரகம் கிரகமாக ஆடவிடுகிறார்கள். பின்னணிக் கதை மட்டும் பதினான்கு பக்கம். ஆனால் மேசையில் இருந்து ஆடினால், ஒருவர் “நான் ஆடுகிறேன்” என்று இருபது முகப் பகடையை உருட்டுகிறார். எண் கூடினால் வேற்றுக்கிரகத்தார் கைதட்டுவார்கள், குறைந்தால் கூச்சல் போடுவார்கள். அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் கொட்டாவி. இன்னும் கிரகங்களைச் சேர்க்க வேண்டுமா?
– நண்பர்கள் ஐவர், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம். இருக்கிற கிரகங்களிலேயே இன்னும் ஆள் குடியேறவில்லை. கைதட்டவும் கூச்சல் போடவும் புதுக்குடியிருப்புச் சனமே போதுமே, அதற்கு ஏன் கப்பல் ஏற வேண்டும்? கப்பல் எந்த எரிபொருளில் ஓடுகிறது என்று பதினான்கு பக்கத்தில் எங்காவது எழுதியிருப்பீர்கள். கூத்துப் பார்க்க வந்தவருக்கு எத்தனை கண் என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் பகடையைச் சரிசெய்யுங்கள். ஆட்டக்காரர் நன்றாக ஆடினாரா என்று பார்க்க உருட்டுகிறீர்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் பழகிய குழு, நன்றாகத்தான் ஆடும். பார்த்தவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதற்கு உருட்டுங்கள். இருபது முகப் பகடையும் இதற்குத் தோதில்லை: 1 விழவும் 20 விழவும் 10 விழவும் ஒரே 5 வீத வாய்ப்புத்தான். லூடோப் பெட்டியில் இருக்கும் ஆறு முகப் பகடை இரண்டை எடுத்துக் கூட்டுங்கள். மொத்தம் 36 சேர்க்கைகள். அதில் 10-உம் மேலும் (சபைக்குச் சரியாக விளங்கியது) வருபவை 6. 7 முதல் 9 வரை (அரைகுறையாக விளங்கியது) 15. 6-உம் கீழும் (பிழையாக விளங்கியது) 15. முன்பே சபையை வேவு பார்த்தவருக்கு ஒன்று கூட்டிக் கொடுத்தால் அது 10, 16, 10 என்று மாறும். மூன்று கூட்டிக் கொடுத்தால் கெட்ட முடிவு 36-இல் 3 மட்டுமே, பிறகு பகடை உருட்டுவதே சடங்கு. ஆகவே இரண்டுக்கு மேல் ஒருபோதும் கூட்டாதீர்கள். பகடைக்குப் பதில் சோகி போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் சோகி நிமிர்வதும் கவிழ்வதும் சரிபாதியாக இராது. கணக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

அடுத்தது சபை. ஒரு சபையைக் கட்டக் கொப்பித்தாளில் பாதி போதும். எதனால் உணர்கிறார்கள், மகிழ்ந்தால் என்ன செய்வார்கள், எதை அவமதிப்பாக எடுப்பார்கள், கூத்திடம் எதைத் தேடி வந்தார்கள். முதலாவதை ஆடுபவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மற்ற மூன்றும் கதையை நடத்தும் கேம் மாஸ்டரின் முன்னால் கவிழ்ந்து கிடக்கட்டும்.

உணர்வைத் தீர்மானிக்கும்போது கற்பனையைவிடப் பௌதிகவியல் கூடுதலாக உதவும். மனிதக் கண் ஏறத்தாழ விநாடிக்கு 60 மினுக்கத்துக்கு மேல் பிரித்தறியாது. ஈயின் கண் 200-ஐயும் தாண்டிப் பிரிக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதில் எரியும் மலிவான எல்.ஈ.டி. குமிழ் விநாடிக்கு 100 தடவை மங்கி எழும்பும். ஈக்கண் கொண்ட சபைக்கு மேடை முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். அரசனின் வரவாட்டத்தை விட்டுவிட்டுக் குமிழையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆடுபவர்கள் இதைக் கண்டுபிடித்தால் பற்றரியில் எரியும் குமிழுக்கு மாறலாம், அல்லது பழையபடி பெற்றோமக்ஸ் கொளுத்தலாம். (ஒட்சிசன் இல்லாத மண்டபத்தில் பெற்றோமக்ஸ் எரியாது, இதைக் கேம் மாஸ்டர் மறந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் ஞாபகப்படுத்துவார்.) தேனீக்குச் சிவப்புத் தெரியாது, புறஊதா தெரியும். அப்படிப்பட்ட சபையில் சிவப்புப் பட்டு இருட்டாகவே நிற்கும். எங்களுக்கு வெறும் வெள்ளையாகத் தெரியும் துணிகளில் அவர்கள் வேறுபாடு காண்பார்கள்.

ஒலியிலும் இடமுண்டு. செவ்வாயின் மெல்லிய காபனீரொட்சைட்டுக் காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 240 மீற்றர்தான் போகும், எங்கள் காற்றில் 340. அங்கே உயர்ந்த சுருதி சீக்கிரம் செத்துவிடும். அப்படியான காற்றுக்குள் இருக்கும் சபைக்கு, ஒலிபெருக்கி வழியே அனுப்பினாலும், தாளத்தின் கிணுகிணுப்பும் சலங்கையும் முன்வரிசையோடு நின்றுவிடும்; பின்வரிசைக்கு மத்தளம் மட்டும் மிஞ்சும். ஒரே கூத்தை இரண்டு வரிசையும் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள், அதில் சண்டை வரும். செவ்வாயில் உயர்ந்த சுருதி தாழ்ந்ததைவிடச் சற்று வேகமாகப் போகிறது என்பதும் அளக்கப்பட்ட உண்மைதான். ஆனால் 100 மீற்றர் தூரத்திலும் அந்த வித்தியாசம் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வராது. அதற்கொரு விதி எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

இவை எல்லாவற்றிலும் வளமானது, நடிப்பு என்ற ஒன்றையே அறியாத சபை. முல்லைத்தீவுப் பக்கத்துக்காரர்களுக்குக் கோவலன் கூத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவலன் வெட்டுப்படும் காட்சியை அந்தச் சபைக்கு முன்னால் ஆடுங்கள். 10-உம் மேலும் விழுந்தால் துயரத்தைத் துயரமாகவே எடுத்து, மிச்சக் கதையைக் கேட்பார்கள். 7 முதல் 9 என்றால் துயரம் விளங்கும், ஆனால் கோவலன் உண்மையிலேயே செத்துவிட்டதாக நம்புவார்கள். கோவலனுக்கு ஆடியவர் இனி அந்தக் கிரகத்தை விட்டுக் கிளம்பும்வரை வெளியே தலைகாட்ட முடியாது. அவருக்குச் சோறு யார் கொண்டுபோவது? 6-உம் கீழும் என்றால் வேறு ஏதோ விளங்கிவிட்டது: வெட்டியவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அல்லது அடுத்து மதுரை எரியப்போகிறது என்று கேட்டவுடன் மண்டபத்தைக் காலிசெய்கிறார்கள். காத்தவராயன் கழுமரம் ஏறும் இடத்தில் சபையே மேடைக்குப் பாய்ந்து அவரை இறக்கிவிடக்கூடும். “தோற்றுவிட்டீர்கள்” என்று மட்டும் கேம் மாஸ்டர் ஒருபோதும் சொல்லக்கூடாது. என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

சபையின் பொறுமைக்கு ஒரு கிண்ணத்தில் மூன்று புளியங்கொட்டை போடுங்கள்; கொட்டை தீர்ந்தால் பொறுமையும் தீர்ந்தது. 6-உம் கீழும் விழுந்தால் ஒன்று போகும். 7 முதல் 9 என்றால் ஆடுபவர் தெரிவுசெய்யட்டும்: ஒரு கொட்டையை விடுவதா, விளங்கியதன் பின்விளைவைச் சுமப்பதா. கூத்தை அறிமுகம் செய்யும் கட்டியகாரன் ஓர் இரவில் ஒரு தடவை சபையோடு நேரே பேசி, நடப்பது கதைதான் என்று விளக்கலாம். அடுத்த உருட்டலுக்கு ஒன்று கூடும், ஆனால் ஒரு கொட்டை போய்விடும். பொய்க்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று யாராவது எழும்பிப் போவார்கள். முழுக் கூத்தையும் ஒரே உருட்டலில் முடிக்காதீர்கள். மூன்று காட்சி, காட்சிக்கு ஒருவர் ஒரு தடவை உருட்டட்டும், இடையில் இரண்டு இடைவேளை. இடைவேளையில் சபைக்குள் போய்ப் பேச்சுக் கொடுப்பவருக்குக் கவிழ்ந்த தாளில் ஒரு வரி திறக்கும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு கிரகம், ஆகக் கூடினால் இரண்டு.

கம்பிவேலியைப் பற்றி. 2009-இல் போர் முடிந்தபோது முகாம் வேலிக்குள் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று உங்கள் வயது. மேசையில் இருக்கும் எல்லோரும் அதை விளையாட்டாக எடுப்பார்கள் என்று நீங்களாக முடிவெடுக்க முடியாது. தொடங்க முன்னர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள், கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் “பிரச்சினையில்லை” என்பார்கள். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று இருக்கட்டும். யார் தொட்டாலும் காரணம் கேளாமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிட வேண்டும். ஒருவர் மறுத்தால் வேலி போகட்டும், கூலிக்குப் போன குழுவாக மாற்றுங்கள். ஒருவரும் மறுக்காவிட்டாலும் அப்படி மாற்றத்தான் சொல்வேன். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களால் “இந்தச் சபைக்கு ஆடமாட்டோம்” என்று சொல்ல முடியாது, ஆட்டத்தில் பாதித் தெரிவு அதோடு போய்விடுகிறது. கூலிக்குப் போனவர்கள் பேரம் பேசலாம், முற்பணம் கேட்கலாம், நடு இரவில் பெட்டியைக் கட்டலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஐவரில் ஒருவருக்கு உண்மையாகவே கூத்துப் பாடத் தெரிந்திருக்கும், புதுக்குடியிருப்பில் அது அதிசயமில்லை. பாடட்டும், ஆனால் காட்சிக்கு ஒரு தரு (கூத்துப் பாட்டு), அதற்கு மேல் வேண்டாம், மற்ற நால்வரும் அவருக்குச் சபையாகிவிடுவார்கள். பாடத் தெரியாதவர் தான் என்ன பாடுகிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். நன்றாகப் பாடினார் என்பதற்காகப் பகடையில் எண் கூட்டிக் கொடுக்காதீர்கள்.