டீச்சரிடம் கேளுங்கள்: கணவாய் ஒரு கட்டமா, மூன்று கட்டமா?

(கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், நானும் நண்பர்களும் பாலக்காட்டுக் கணவாயை வைத்து ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் செய்கிறோம். அறுகோணக் கட்டங்கள், 12க்கு 10. கேரளப் பக்கம் முழுவதும் பச்சை, தமிழ்நாட்டுப் பக்கம் முழுவதும் மஞ்சள், நடுவில் மலை. மலையில் ஒரே ஒரு கட்டம் வழி. விளையாடிப் பார்த்தால், அந்தக் கட்டத்தில் யார் முதலில் படையை நிறுத்துகிறாரோ அவரே ஜெயிக்கிறார். எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், மீனாட்சிபுரம்

பதில்: தம்பி, தப்பு உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மீனாட்சிபுரம் ஸ்டேஷனில் நின்று தெற்கே பாருங்கள், ஆனைமலை தெரியும். வானம் தெளிந்த நாளில் வடக்கே திரும்பினால் வாளையாற்று மலை நீலமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நல்ல அகலமான சமவெளி. கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். பாலக்காடு கடல்மட்டத்துக்கு மேல் 100 மீட்டர்கூட இல்லை, பொள்ளாச்சியும் 300 மீட்டருக்குள்தான். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்வளவு பெரிய வாசலை நீங்கள் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட்டீர்கள்.

முதலில் அளவை முடிவு செய்யுங்கள். ஒரு கட்டம் 10 கிலோமீட்டர் என்று வையுங்கள். கணவாய் மூன்று கட்டம் ஆகிவிடும். கொடுங்கல்லூர்க் கரையிலிருந்து கரூர் வரை நேர்கோட்டில் 220 கிலோமீட்டர் சுமாருக்கு வரும், அது 22 கட்டம். அதனால் 12 கட்டம் போதாது, 24 வேண்டும்.

மூன்று கட்டம் ஆனதும் ஒரு படையை வைத்து வழியை அடைக்க முடியாது. நடுக்கட்டத்தில் நின்றால் இரண்டு பக்கமும் எதிரி நழுவிப் போவான். அப்போதுதான் கோட்டைக்கு வேலை வருகிறது. நடுக்கட்டத்தில் கோட்டை கட்டினால் அது தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் காவல் காக்கும் என்று ஒரு விதி வையுங்கள். ஒரு கோட்டையால் மூன்று கட்டமும் அடைபடும். ஆனால் அதைக் கட்டப் பணமும் சில சுற்றுகளும் செலவாகும், அதற்குள் எதிரியும் ஏதாவது செய்யலாம். 1766ல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டியதற்கும் இந்த வாசல்தான் காரணம். மைசூரிலிருந்து மலபாருக்குப் போய்வரும் வழியில் அது உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடத்துக்கு நான் ஆண்டுதோறும் ஒரு முழு பீரியடு ஒதுக்கியிருக்கிறேன்.

அடுத்தது உங்கள் பச்சையும் மஞ்சளும். இதில் எனக்கு வருத்தமே உண்டு, ஏனென்றால் அந்தப் பச்சைக்குள் எங்கள் ஊர் காணாமல் போய்விட்டது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் கேரளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மண் கரிசல். கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்குத்தான் வர வேண்டும். இங்கே பனை நிற்கிறது, நிலக்கடலை விளைகிறது, ஒரு காலத்தில் பருத்தி விளைந்தது. மழையும் குறைவு. அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாக நிற்கிறது. ஆகவே மாநில எல்லையை வைத்து நிறம் தீட்டாதீர்கள். மண்ணையும் மழையையும் வைத்துத் தீட்டுங்கள். எல்லைக்கோட்டை முதல் வரைவில் போடவே வேண்டாம்.

அதற்குப் பதிலாக நீர்ப்பிரிமேட்டை, அதாவது மழைத் தண்ணீர் கிழக்கு மேற்காகப் பிரியும் மேட்டை, வரையுங்கள். மேப்புக்கு அதுதான் முதுகெலும்பு. பலரும் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் பெய்த மழை கிழக்கே போகும், கேரளப் பக்கம் பெய்தது மேற்கே போகும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பொள்ளாச்சித் தண்ணீர் மேற்கே வருகிறது. ஆழியாறும் பாலாறும் சேர்ந்து மணக்கடவு தாண்டி எங்கள் சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடல் சேர்கின்றன. தண்ணீர் பிரியும் மேடு பொள்ளாச்சிக்கும் கிழக்கே இருக்கிறது. கோவைக்கு வந்தால் நொய்யல் கிழக்கே காவிரிக்குப் போகிறது. பவானி நீலகிரியில் பிறந்து அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து, வளைந்து மறுபடி தமிழ்நாட்டுக்கே வந்துவிடுகிறது. கட்டத்தின் ஓரங்களில் ஆற்றை ஓடவிடும் விளையாட்டுகள் இருக்கின்றன. உங்களுக்கும் அந்த முறைதான் பொருந்தும். கட்டத்துக்குள் மண், ஓரத்தில் ஆறு என்று இருந்தால் இந்த வளைவுகளையெல்லாம் காட்ட இடம் கிடைக்கும்.

ஆற்றுக்கு ஒரு விதி சொல்கிறேன், இதை அவசியம் வையுங்கள். எங்கள் வயல் கடைமடை. நான் சிறுமியாக இருந்தபோது ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தரை ரெகுலேட்டரைத் தாண்டிவிட்டது என்று யாராவது சைக்கிளில் வந்து சொல்வார்கள். அன்று ராத்திரி அப்பா டார்ச் லைட்டோடு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிடுவார், நானும் பக்கத்தில் துண்டு விரித்துப் படுத்திருப்பேன். முதலில் சருகு உரசும் சத்தம் கேட்கும். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் நுரை தெரியும். நுரைக்கு முன்னால் பனையோலைத் துண்டு, வேப்பஞ்சருகு, அதைப் பிடித்துக்கொண்டு கட்டெறும்புகள். தண்ணீர் ஒரு ஆள் நடப்பதைவிட மெதுவாகத்தான் வரும். வெடித்துக் கிடந்த கரிசல் ஒவ்வொரு வெடிப்பாகக் குடித்து நிறைந்த பிறகுதான் அடுத்த முழத்துக்கு விடும்.

அதனால் உங்கள் விளையாட்டில் அணையைத் திறந்தவுடன் கடைசிக் கட்டம் வரை தண்ணீர் பாய்ந்துவிடக் கூடாது. ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம் நகரட்டும். காய்ந்த கட்டம் முதல் பங்கைத் தானே குடித்துவிடட்டும். கடைமடையில் இருக்கும் ஆட்டக்காரர் எப்போது விதைப்பது என்று திண்டாடுவார். அந்தத் திண்டாட்டம் நிஜம்.

பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பரம்பிக்குளம் அணை நிற்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. மேற்கே ஓட வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக சர்க்கார்பதிக்கு வந்து கிழக்கே போகிறது. 1970ல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவில் கேரளத்துக்கு விட வேண்டும். இதை அப்படியே விதியாக்கலாம். ஒருவர் நிலத்தில் அணை, சாவி இன்னொருவர் கையில், பதிலுக்கு வேறொரு கட்டத்தில் தண்ணீர். உங்கள் விளையாட்டில் இப்போது இருக்கும் ஒரே உறவு சண்டை. இந்த ஒரு விதி வந்தால் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பேசியாக வேண்டும், மழை பொய்த்த ஆண்டில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று எங்கள் பக்கம் அடிக்கிறது, ராத்திரி முழுக்கப் பனையோலை சடசடக்கும். இன்றைய காலத்து விளையாட்டு என்றால் கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலை வையுங்கள்.

வரைவதற்குப் பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள்களைத் தேடிப் பிடியுங்கள். 58பி, 58எஃப் இரண்டும் வேண்டும். 77 டிகிரி தீர்க்கரேகையில் தாள் பிரிவதால் பாலக்காடு ஒன்றிலும் பொள்ளாச்சி மற்றொன்றிலும் விழுகின்றன. கோவை நாலு தாள்கள் கூடுகிற மூலையில் இருக்கிறது. அதனால் வடக்கே 58ஏ, 58ஈ தாள்களையும் ஒட்டிக்கொள்ளுங்கள். டிரேசிங் தாளில் முதலில் ஆறுகளை மட்டும் எடுங்கள். ஆறு சரியாக விழுந்தால் மலை எங்கே என்று அதுவே சொல்லிவிடும். அதன்மேல் கடைசியாகக் கட்டம் போடுங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் அட்டை விளையாட்டு ஒன்று செய்தோம் டீச்சர். மேற்குத் தொடர்ச்சி மலையும் இரு பக்கமும்தான் மேப். மிளகு மலை யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறார். நியாயமாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மிளகு கொடுத்துவிடலாமா?
– பொறியியல் மாணவி, உடுமலைப்பேட்டை

பதில்: வேண்டாம் கண்ணு. மழை மறைவில் இருக்கும் உங்கள் உடுமலையில் மிளகுக்கொடி படர்ந்தால் அந்த மேப் பொய் சொல்கிறது. எல்லோருக்கும் எல்லாம் இருந்தால் யாரும் யாரிடமும் போக வேண்டியதில்லை, கணவாய்க்கும் வேலை இல்லை.

மிளகு மலையில் இருக்கிறவர் மிளகைச் சாப்பிட முடியாது. அவருக்கு உப்பு கடற்கரையிலிருந்து வர வேண்டும், அரிசி பாலக்காட்டு வயலிலிருந்து வர வேண்டும். மிளகுக்கு மலையில் விலை இல்லை என்று வையுங்கள், துறைமுகத்தில் மட்டும்தான் விலை. துறைமுகத்தையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடிவிடுங்கள். பாய்மரக் காலத்தில் மழைக்காற்று வேகமாக அடிக்கும் அந்த மாதங்களில் மலபார்க் கரையில் கப்பல் அணைவது கஷ்டம். கிழக்கே இருக்கிறவருக்கும் சொத்து உண்டு. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கினார்கள், மணிகள் பட்டை தீட்டினார்கள். காங்கேயம் பக்கம் படியூரில் பச்சை நிற பெரில் கல் கிடைத்தது. கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருப்பதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம், மேற்குக் கரைக்குப் போகும் இந்த வழியும் ஒரு காரணம்.

விளைச்சல் அளவைப் பகடையை வைத்துச் சரிசெய்யலாம். 1995ல் வந்த கேட்டான் விளையாட்டை உங்களில் யாராவது ஆடியிருப்பீர்கள். அதில் 19 அறுகோணங்கள், பாலைவனம் தவிர ஒவ்வொன்றிலும் ஒரு எண். இரண்டு பகடை உருட்டினால் 36 வகையில் 6 விழ 5 வழி, 8 விழ 5 வழி. 2க்கும் 12க்கும் ஒவ்வொரு வழிதான். தண்ணீர் பாயும் பாலக்காட்டு நெல் கட்டத்துக்கு 6 அல்லது 8 போடுங்கள். படியூர்க் கல்லுக்கு 12 போடுங்கள். அரிதாகக் கிடைக்கும், கிடைத்தால் பெரிய விலை. மானாவாரி நிலக்கடலைக்கு 4 சரியாக இருக்கும்.

இன்னொன்று, மலையில் ஒரு பொருள் இருந்தால் மட்டும் போதாது, அது இறங்கி வர வேண்டும். பரம்பிக்குளத்தில் முதல்தரமான தேக்கு இருந்தது. அதை இறக்கக் கொச்சி சமஸ்தானம் சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதை போட்டது. 1907லிருந்து தேக்கு அதில் இறங்கியது. செங்குத்தான சரிவுகளில், மரம் ஏற்றிய வண்டி இறங்கும் கனத்தைக் கொண்டே காலி வண்டியைக் கம்பியில் மேலே இழுத்தார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது பென்சிலில் நூலைக் கட்டி, இரண்டு முனையிலும் சாக்பீஸ் டப்பாவைத் தொங்கவிட்டுக் காட்டுவேன். கனமான டப்பா இறங்க, காலி டப்பா தானாக ஏறும், கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்து நின்று பார்ப்பார்கள். உங்கள் விளையாட்டில் தேக்குக் கட்டத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கட்டும். பாதை போட்ட பிறகுதான் அது சொத்தாகட்டும்.

கேள்வி: எங்கள் பந்தலூர்ப் பக்கம் தங்கம் உண்டு என்று தாத்தா சொல்கிறார். மேப்பில் தங்கம் வைக்கலாமா டீச்சர்?
– பத்தாம் வகுப்பு மாணவி, பந்தலூர்

பதில்: தாத்தா சொன்னது சரி, வையுங்கள். 1880ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் எடுக்க லண்டனில் பங்கு விற்றுக் கம்பெனிகள் வந்தன. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூடிவிட்டன, பாறையில் இருந்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. அதனால் தோண்டும் செலவு வரவைவிடக் கூடுதலாக இருக்கட்டும். தோண்டிக் கைவிட்ட கட்டத்தில் தேயிலை நடலாம் என்றும் ஒரு விதி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆரியங்காவுக் கணவாய்க்கும் மூன்று கட்டம் போடலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஒன்றே போதும் ஐயா, அதையும் மலைக்கட்டமாகவே போடுங்கள். பாலக்காட்டில் ரயில் சமவெளியிலேயே ஓடுகிறது. உங்கள் வழியில் 1904ல் பாதை திறக்க சுரங்கம் குடைந்து, கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலம் கட்ட வேண்டியிருந்தது. பாலக்காட்டில் ஒரு சுற்றில் கடக்கும் வண்டி ஆரியங்காவில் மூன்று சுற்று எடுத்துக்கொள்ளட்டும். மிளகை அந்த வழியாகத் தென்காசிச் சந்தைக்கு ஏற்றுகிறவர் முதலில் மாடுகளுக்குத் தீவனம் சேர்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.