மூன்று கவுன்சலர்களைப் பார்த்தும் தங்கை தேறவில்லையே?

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. ‘பார்டர்லைன்’ ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் அலைபாயும் மனநலப் பிரச்சினை என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடத்தில் மூன்று கவுன்சலர்கள் ஆகிவிட்டது. முதல் மாதம் “இவர் தெய்வம் மாதிரி” என்பாள். மூன்றாம் மாதம் “அவர் முகத்திலேயே விழிக்க மாட்டேன்” என்பாள். இரண்டாமவர் ஒரே ஒரு சந்திப்பைத் தள்ளிவைத்தார், அதோடு நிறுத்திவிட்டாள். மூன்றாமவர் “உங்கள் தங்கை ஒத்துழைப்பதில்லை” என்று கையை விரித்துவிட்டார். இன்னும் அலைவதில் பலன் உண்டா?

பதில்: அன்புச் சகோதரி, பலன் உண்டு. அந்த ‘ஒத்துழைப்பதில்லை’ என்ற பேச்சைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. கால் முறிந்து வந்தவரைப் பார்த்து ‘நடக்க மாட்டேன் என்கிறார்’ என்று குறை சொல்லலாமா?

பேசிக் குணப்படுத்தும் எந்தச் சிகிச்சைக்கும் எதிரில் இருப்பவர் மேல் நம்பிக்கை வேண்டும். உங்கள் தங்கைக்கு அடிபட்டிருப்பதே அந்த இடத்தில்தான். சந்திப்பு தள்ளிப்போனால் நீங்களும் நானும் ‘சரி, அடுத்த வாரம்’ என்று போய்விடுவோம். அவள் காதில் அது ‘நீ எனக்கு வேண்டாம்’ என்று விழுந்திருக்கும். அவர் கைவிடுவதற்குள் நாமே விட்டுவிடுவோம் என்று அவள் அந்த உறவை முறித்துக்கொண்டிருக்கலாம். நல்ல பயிற்சி உள்ளவர் இதை எதிர்பார்த்தே இருப்பார். “நான் தள்ளிவைத்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று அவராகவே கேட்பார். அந்த உரையாடல்தான் சிகிச்சை. அது நடக்காமல் போனால், பழைய காயத்தின் மேல் இன்னொரு காயம் சேர்ந்ததுதான் மிச்சம்.

முறையும் பொருந்த வேண்டும். மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், தற்கொலை எண்ணம் விடாமல் துரத்தும் பெண்களுக்கு வழக்கமான நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் கொடுத்துப் பார்த்தார். ‘மாறுங்கள்’ என்றால், தங்கள் வலியை யாரும் மதிக்கவில்லை என்று கொதித்தார்கள். வெறுமனே ஆறுதல் சொன்னால், ‘அப்போ நான் இப்படியே கிடக்க வேண்டியதுதானா’ என்றார்கள். இரண்டையும் சேர்த்து அவர் உருவாக்கியதுதான் டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற சிகிச்சை முறை. அதன் முதல் பெரிய ஆய்வு 1991இல் வெளியானது. வாரம் ஒரு தனிச் சந்திப்பு, ஒரு குழு வகுப்பு, நெருக்கடி நேரத்தில் போனில் உதவி என்று வழக்கமாக ஒரு வருடம் போகும். சிகிச்சை தருபவர்கள் சோர்ந்துபோகாமல் இருக்க அவர்களுக்கும் வாராவாரம் ஒரு கூட்டம் உண்டு. தனியாளாகத் தாங்கக்கூடிய வேலை இல்லை இது. இளம் வயதில் தன்னையே காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் இருந்ததை லினஹன் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் தங்கைக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், காலம். பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கும் குறைவான பேச்சுச் சிகிச்சையை இந்தக் கோளாறுக்கென்று தர வேண்டாம் என்றே சொல்கிறது. உங்கள் தங்கை மூன்றாம் மாதத்திலேயே முறித்துக்கொள்கிறாள். சிகிச்சை தோற்றதாக எனக்குத் தோன்றவில்லை. சரியாகத் தொடங்கவே இல்லை. ‘என்னிடம் குறையே இல்லை’ என்று வாசலைக்கூட மிதிக்காதவர்கள் வேறு வகை ஆளுமைக் கோளாறுகளில் நிறைய. உங்கள் தங்கை மூன்று முறை போய் உட்கார்ந்திருக்கிறாள். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பார்டர்லைன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன.

புதியவரைப் பார்த்தால் முதல் நாளே கேளுங்கள்: “இவள் திடீரென்று வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?” அதற்குத் தெளிவான பதில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ‘இவரும் போச்சா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். சாவைப் பற்றியோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ பேசினால், அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. அந்த இரண்டாமவர் தள்ளிவைத்தாரே தவிர, வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கை சம்மதித்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். ஒரே ஒரு சந்திப்பு போதும், அந்த வாரம் என்ன ஆனது என்று இருவரும் பேசிக்கொள்ள.